நிறுத்துன மாத்திரை வீட்டுலயே கெடந்துச்சு: டெல்டா கிராமத்துல ஒரு வீட்டுப் பராமரிப்பு கேஸ்

எதுக்காக இத எழுதுறேன்

வயசானவங்களுக்கு வீட்டுக்கே போய் டிரெஸ்ஸிங், கத்தீட்டர் (சிறுநீர் போற டியூப்), சுகர் பிபி செக்கப் எல்லாம் பாக்குற நர்ஸ் நான். தஞ்சாவூரும் திருவாரூரும் தொடுற பக்கத்துல இருக்குற கிராமங்க தான் எங்க டீம் போற ஏரியா. இதுல வர்ற அம்மாவோட குடும்பத்துக்கிட்ட கேட்டு அவங்க சரின்னு சொன்ன பிறகு தான் எழுதுறேன், பேரு ஊரு எதுவும் போடல, அடையாளம் தெரியிற மாதிரி இருந்த சில விவரத்தயும் மாத்திருக்கேன். ஆனா மாத்திரை பேரு, அளவு, சுகர் நம்பர் இதெல்லாம் இருந்தது இருந்தபடி, ஏன்னா தெரிஞ்சிக்க வேண்டியது அங்க தான் இருக்கு.

மாத்திரை விஷயத்துல தப்பு நடந்துச்சுன்னா வயசானவங்க மறந்திருப்பாங்கன்னு தான் எல்லாரும் நெனைக்கிறோம். இந்த அம்மா ஒரு வேள மாத்திரைய கூட மறந்ததில்ல. யார் யாரோ குடுத்து அந்த வீட்டுக்குள்ள வந்த அத்தன மாத்திரையையும் ஒழுங்கா, நேரம் தவறாம சாப்ட்டாங்க, அதுல தான் உசுருக்கே ஆபத்து வந்துச்சு.

பின்னணி

வயசு 76. வீட்டுக்காரர் தவறி நாலஞ்சு வருஷம் ஆகுது. மகன் சிங்கப்பூர்ல வேலை, மக திருச்சில. ரெண்டு கட்டு ஓட்டு வீடு, கொல்லையில தென்னை, நெலத்த குத்தகைக்கு விட்டாச்சு. பகல்ல பாத்துக்க அதே தெருவுலேர்ந்து ஒரு அக்கா வருவாங்க, காலைல ஏழு மணிக்கு வந்தா சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இருப்பாங்க, ராத்திரி அம்மா தனியா தான். எட்டாவது வரைக்கும் படிச்ச அக்கா, தமிழ் நல்லா வாசிப்பாங்க. அம்மா மூணாவதோட நிறுத்திட்டாங்க. ஒரு கண்ணுல கேட்ராக்ட் ஆபரேஷன் ஆயிடுச்சு, இன்னொரு கண்ணு மங்கல் தான்.

சுகர் இருபது வருஷத்துக்கு மேல, பிபியும் கூடவே. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல அவங்க பேரு பதிவாயிருந்துச்சு, அதனால மாத்திரை வீட்டுக்கே வந்துடும். சுகருக்கு காலையும் ராத்திரியும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், பிபிக்கு அம்லோடிபின் 5, அட்டெனலால் 50. கொண்டு வர்ற பொண்ணு கார்டுல என்ன எழுதியிருக்கோ அத சரியா எண்ணி குடுத்துட்டு போகும், அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது.

புரட்டாசி கடைசில காய்ச்சலும் சிறுநீர்ல கிருமியும் சேந்து வந்து பக்கத்து டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரில நாலு நாள் அட்மிட் பண்ணாங்க. வீட்டுக்கு அனுப்பும்போது ஏழு மருந்து எழுதின டிஸ்சார்ஜ் சீட்டு குடுத்தாங்க, எல்லாம் இங்கிலீஷ்ல, கம்பெனி பேருல. அதுல காலையும் ராத்திரியும் ஒரு சுகர் மாத்திரை, ஒரே மாத்திரைக்குள்ள க்ளிமிபிரைட் 2, மெட்ஃபார்மின் 500 ரெண்டும் சேந்தது. பிபிக்கு டெல்மிசார்டன் 40 புதுசா. ஏற்கனவே சாப்ட்டுக்கிட்டு இருக்குற மாத்திரைல எத தொடரணும் எத விடணும்னு அந்த சீட்டுல ஒரு வரி கூட இல்ல. அட்மிஷன் சமயத்துல "வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க"ன்னு கேட்டிருக்காங்க, மக "சுகருக்கும் பிரஷருக்கும் கவர்மெண்ட் மாத்திரை"ன்னு சொன்னாங்களாம், அதோட அந்த பேச்சு முடிஞ்சு போச்சு.

டிஸ்சார்ஜ் ஆன கையோட கால் கட்டைவிரல் பக்கத்துல ஒரு புண்ணு. செருப்பு கடிச்சதுன்னு அம்மா சொன்னாங்க. அந்த டிரெஸ்ஸிங்குக்காக தான் எங்கள கூப்ட்டாங்க.

கண்ணுல பட்ட அறிகுறிகள்

டிரெஸ்ஸிங்குக்கு போக ஆரம்பிச்சு கொஞ்ச நாள்லயே அந்த அக்கா சில விஷயம் சொல்ல ஆரம்பிச்சாங்க. காலைல வந்து கதவ தட்டுனா அம்மா எழுந்துக்க நேரமாகுது, பொடவை முதுகுப்பக்கம் நனைஞ்சு கெடக்குது, ஐப்பசி மழைல ஊரே குளுந்து கெடக்கும்போது இவங்களுக்கு மட்டும் எப்படி வேர்க்குதுன்னு கேட்டாங்க. ஒரு நாள் செத்துப்போன வீட்டுக்காரர் வாசல்ல நிக்கிறாருன்னு சொல்லிருக்காங்க. காபித்தண்ணி குடிச்சு இட்லி சாப்ட்டதும் பத்து மணிக்கெல்லாம் பழையபடி ஆயிடுவாங்க. மக போன்ல கேட்டுட்டு "அம்மாவுக்கு மறதி நோய் வருது போல, திருச்சில நரம்பு டாக்டர்கிட்ட காட்டணும்"னு சொல்லிட்டாங்க. பக்கத்து வீட்ல வேற மாதிரி பேசிக்கிட்டாங்க, வீட்டுக்காரர் திதிய சரியா குடுக்கலன்னு.

இந்த எடத்துல ஒரு விஷயத்த அழுத்தி சொல்லணும். காலைல மட்டும் குழப்பம், சாப்ட்டதும் தெளிவு, கூட வேர்வைன்னு இருந்தா அத மறதி நோய்னு முடிவு பண்ணக்கூடாது, மொதல்ல சுகர் பாக்கணும். சுகர் இறங்குனா கை நடுங்கும் நெஞ்சு படபடக்கும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அட்டெனலால் மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அந்த நடுக்கமும் படபடப்பும் வெளிய தெரியாம அமுங்கிப் போயிடும், வேர்வை மட்டும் தான் மிச்சம் இருக்குற அடையாளம். இந்த அம்மாவுக்கு அப்படியே தான் இருந்துச்சு. நான் அக்காகிட்ட காலைல வந்த உடனே சுகர் பாத்து எழுதி வைக்க சொன்னேன், பாத்தா மகன் வாங்கி அனுப்புன குளுக்கோமீட்டர் பீரோ மேல பத்திரமா இருக்கு, ஸ்ட்ரிப் டப்பா எக்ஸ்பைரி ஆயி மாசக்கணக்கு ஆகுது. புது ஸ்ட்ரிப் வாங்க டவுனுக்கு போகணும், அடைமழை, நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போச்சு.

இதுக்கு நடுவுல கந்த சஷ்டி வந்துடுச்சு. வருஷா வருஷம் ஆறு நாளும் விரதம் இருந்து சூரசம்ஹாரத்தன்னிக்கு சுவாமிமலை போயிட்டு வர்ற குடும்பம் அது. இந்த வருஷம் கால் புண்ணு இருக்கறதால கோயிலுக்கு வேணாம்னு மக சொல்லிட்டாங்க, விரதத்தையாவது விடாம இருப்போம்னு அம்மா மதியம் ஒரு வேள சோறு, ராத்திரி ஒரு டம்ளர் பால்னு இருந்திருக்காங்க. மாத்திரைய மட்டும் விடல.

அந்த காலை

சஷ்டி நாலாம் நாள், காலைல ஒம்பது மணி இருக்கும், டிரெஸ்ஸிங்குக்கு போனேன். அம்மா ரேழில பாய்ல படுத்திருந்தாங்க. கூப்ட்டா கண்ண தொறந்து பாக்குறாங்க, பேச்சு கொழறுது, வலது கைய தூக்க சொன்னா பாதி தான் வருது. அந்த அக்கா பதறிப்போய் "பக்கவாதம் தான் சிஸ்டர், எங்க மாமனாருக்கும் இப்படித்தான் வந்துச்சு"ன்னு அழ ஆரம்பிச்சிட்டாங்க. கைய தொட்டா ஜில்லுன்னு ஈரமா இருந்துச்சு.

என் பையில இருந்த மீட்டர்ல பாத்தேன், 38. எழுபதுக்கு கீழ போனாலே லோ சுகர், அம்பத்தி நாலுக்கு கீழன்னா ஆபத்தான கட்டம். சுகர் ரொம்ப இறங்குனா ஒரு பக்கம் கை கால் வராம, பேச்சு கொழறி அப்படியே ஸ்ட்ரோக் மாதிரியே இருக்கும், அதனால தான் ஸ்ட்ரோக்குன்னு சந்தேகம் வந்தாலும் சுகர் பாக்காம விடக்கூடாது.

அங்க மொத முடிவு, வாயில குடுக்கலாமா கூடாதா. நெனவு இல்லாதவங்க வாயில எதையும் ஊத்தக்கூடாது, நுரையீரலுக்கு போயிடும். இவங்கள செவுத்துல சாச்சு உக்கார வெச்சு ஒரு வாய் தண்ணி குடுத்தேன், இருமாம முழுங்குனாங்க. அதுக்கப்புறம் தான் மூணு டீஸ்பூன் சக்கரைய அர டம்ளர் தண்ணில கலந்து கொஞ்சம் கொஞ்சமா குடுத்தோம். கால் மணி நேரம் கழிச்சு 52. மறுபடியும் அதே அளவு. இன்னொரு கால் மணி நேரத்துல 84, பேச்சு தெளிஞ்சிடுச்சு, கையும் முழுசா மேல வந்துடுச்சு, "என்ன பாப்பா எல்லாரும் நிக்கிறீங்க"ன்னு கேட்டாங்க. அப்புறம் ரெண்டு இட்லி. விரதம்னு மொதல்ல மறுத்தாங்க, முருகன் கோச்சுக்க மாட்டாருன்னு அக்கா தான் ஊட்டி விட்டாங்க.

ரெண்டாவது முடிவு தான் அந்த வீட்ல எல்லாருக்கும் புரியாம போச்சு. எழுந்து உக்காந்து பேசுறாங்க, இப்ப எதுக்கு 108, மழைல எதுக்கு அலையணும்னு போன்ல மகனும் கேட்டாரு, தெருக்காரங்களும் கேட்டாங்க. நான் கூப்ட்டே ஆகணும்னு நின்னேன். சாப்பிடாததால மட்டும் சுகர் இறங்கியிருந்தா சாப்பாட்டோட முடிஞ்சிடும். க்ளிமிபிரைட் மாதிரி மாத்திரைனால இறங்கியிருந்தா சக்கரைத்தண்ணிய குடிச்சு ஏறுனது சில மணி நேரத்துல திரும்ப இறங்கும், மாத்திரையோட வேலை ஒடம்புக்குள்ள முடியற வரைக்கும் கணையம் இன்சுலின் சுரக்குறது நிக்காது, ராத்திரி தனியா இருக்கும்போது இறங்குனா கேக்க ஆளில்ல. வயசானவங்களுக்கு கிட்னி வடிகட்டுற வேகம் கொறஞ்சிருந்தா இது ஒரு நாளுக்கு மேலயும் இழுக்கும். இத இதே வார்த்தைல மகன்கிட்ட சொன்னேன், "அப்ப கூட்டிட்டு போங்க சிஸ்டர்"னாரு.

முறத்துல கொட்டிப் பாத்தது

ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள வீட்ல இருக்குற அத்தன மாத்திரையையும் கொண்டாங்கன்னு சொன்னேன். சீட்டுல இருக்குறத இல்ல, வீட்ல இருக்குறத. அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவ கொண்டு வந்தாங்க. அது மட்டும் தானான்னு கேட்டதுக்கு சாமி மாடத்துல ஒரு காகித கவர், தலகாணி அடில ரெண்டு அட்டை, ஃபிரிட்ஜ் கதவுல ஒரு பாட்டில்னு ஒவ்வொன்னா வந்துச்சு. அரிசி பொடைக்கிற முறத்துல கொட்டி பிரிச்சோம்.

கவர்மெண்ட் மெட்ஃபார்மின் அட்டை இருந்துச்சு, பாதி தீந்துருக்கு. ஆஸ்பத்திரி எழுதுன சேத்த மாத்திரையும் இருந்துச்சு, அதுவும் பாதி தீந்துருக்கு. அதாவது மெட்ஃபார்மின் ரெண்டு பக்கமும் சேந்து ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் போயிருக்கு. ஒன்னு வெள்ளையா உருண்டையா சின்னது, இன்னொன்னு நீளமா பெருசு, கலர் வேற, அட்டை வேற, எழுத்து வேற. ரெண்டும் ஒரே மருந்துன்னு அந்த அம்மாவுக்கு தெரிய வழியே இல்ல.

மூட்டு வலிக்குன்னு மெடிக்கல்ல சொல்லி வாங்குன டைக்ளோஃபெனாக் இருந்துச்சு, தெனம் ஒன்னு, சில நாள் ரெண்டு. டெல்மிசார்டன் சாப்பிடுற வயசானவங்க மேல இந்த வலி மாத்திரையும் சேந்தா கிட்னிக்கு போற ரத்தம் கொறையும், தண்ணி ஒழுங்கா குடிக்காம விரதமும் இருந்தா இன்னும் மோசம்.

தலகாணி அடில இருந்ததுல ஒரு அட்டை தான் எனக்கு பெரிய கேள்வி. கத்திரியால வெட்டி குடுத்தது, நாலு மாத்திரை தான் இருக்கு, மருந்து பேரு இருக்க வேண்டிய பக்கம் வெட்டுப்பட்டு கடைசி நாலு எழுத்து மட்டும் மிச்சம், எக்ஸ்பைரி தேதி இல்ல. அம்மாகிட்டயே கேட்டேன். "அது பழைய டாக்டர் குடுத்தது பாப்பா, அவரு தான் என் ஒடம்ப தெரிஞ்சவரு. பாயசம் கீயசம் சாப்ட்ட அன்னிக்கு ஒன்னு போட்டுக்குவேன்"னாங்க. சாமி மாடத்து கவர்ல அந்த டாக்டரோட சீட்டு இருந்துச்சு, மடிப்புல கிழிஞ்சு போனது, பல வருஷத்துக்கு முன்ன எழுதுனது. க்ளிபென்க்ளமைட் 5. அந்த டாக்டர் இப்ப உசுரோட இல்ல. அந்த சீட்ட காட்டி இன்னும் மெடிக்கல்ல வாங்கிக்கிட்டு தான் இருந்திருக்காங்க.

க்ளிபென்க்ளமைடும் க்ளிமிபிரைடும் பேரு வேற, குடும்பம் ஒன்னு. ரெண்டும் கணையத்த பிழிஞ்சு இன்சுலின் சுரக்க வைக்கிற மருந்து. அதுலயும் க்ளிபென்க்ளமைட் ரொம்ப நேரம் ஒடம்புல நிக்கும், கிட்னி சரியில்லன்னா வெளிய போகாம தேங்கும். வயசானவங்களுக்கு வேணாம்னு மருத்துவ வழிகாட்டிகள் பல வருஷமா சொல்லிட்டு வர்ற மருந்து.

பாயசம் சாப்ட்ட அன்னிக்கு மட்டும்னா நாலு மாத்திரை தான் மிச்சம்ங்கிற கணக்கு ஒதைச்சுது. திரும்ப கேட்டேன், மெதுவா. கால் புண்ணு வந்ததுலேர்ந்து தெனம் காலைல ஒன்னு போட்டிருக்காங்க. ஏம்மான்னு கேட்டதுக்கு சொன்னாங்க, "சுகர் கொறஞ்சா தான் புண்ணு ஆறும், இல்லன்னா விரல எடுத்துடுவாங்கன்னு எல்லாரும் சொல்றீங்களே". ஆஸ்பத்திரில சொன்னாங்க, மக சொன்னாங்க, கட்டு போட போற நாங்களும் சுகர கட்டுப்பாட்டுல வைக்கணும்னு சொல்றது தான். அவங்க கைல இருந்த வழி அந்த வெள்ள மாத்திரை. விரல் போயிடக்கூடாதுன்னு பயந்து, தனக்கு தெரிஞ்ச நல்லத செஞ்சிருக்காங்க, இதுல அவங்கள குத்தம் சொல்ல ஒன்னுமே இல்ல.

ஆஸ்பத்திரியில

எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப்பைல போட்டு, பழைய சீட்டு புது சீட்டு ரெண்டையும் வெச்சு, கடைசியா எப்ப எது போட்டாங்கன்னு ஒரு தாள்ல எழுதி கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், நானும் கூட போனேன். டூட்டி டாக்டர் பைய வாங்கி டேபிள்ல கொட்டி ஒவ்வொன்னா பாத்தாங்க, அதுக்கு அவங்களுக்கு நன்றி சொல்லணும், கூட்டத்துக்கு நடுவுல அந்த நேரத்த ஒதுக்குனது பெரிய விஷயம்.

குளுக்கோஸ் ஏத்துனாங்க. அன்னிக்கு ராத்திரி ட்ரிப் முடிஞ்ச கொஞ்ச நேரத்துல சுகர் மறுபடி 61க்கு இறங்குச்சு, திரும்ப ஏத்துனாங்க. வீட்ல இருந்திருந்தா அது யாரும் பாக்காத நேரம். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட் க்ரியாட்டினின் 2.1, இது ஏறுனா கிட்னி மந்தம்னு அர்த்தம். புரட்டாசில டிஸ்சார்ஜ் ஆகும்போது 1.2 தான் இருந்துச்சு. மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட் (HbA1c) 6.4 சதவீதம். சுகர் இருக்குற நாப்பது வயசுக்காரருக்கு 6.4 சந்தோஷமான நம்பர், தனியா இருக்குற 76 வயசு அம்மாவுக்கு, அதுவும் இந்த மாத்திரைங்களோட, அது சுகர் அளவுக்கு மேல இறங்கிட்டு இருக்குன்னு சொல்ற நம்பர். இந்த நெலமையில இருக்குறவங்களுக்கு 8க்கு கீழ இருந்தா போதும்னு தான் இப்ப டாக்டருங்க வைக்கிற இலக்கு.

டாக்டர் எடுத்த முடிவு இது. க்ளிபென்க்ளமைட், சேத்த மாத்திரை, வலி மாத்திரை மூணும் அன்னியோட நிறுத்தம். கிட்னி வடிகட்டுற வேகம் (eGFR) முப்பதுக்கு கீழ போயிட்டதால மெட்ஃபார்மினும் நிறுத்தம். டெல்மிசார்டன் கிட்னி தேறுற வரைக்கும் வேணாம். அட்டெனலால் கிட்னி வழியா வெளிய போற மருந்து, ஆனா அத திடீர்னு விடக்கூடாது, அதனால 25 ஆக்கி அப்புறம் படிப்படியா விட சொன்னாங்க. ரெண்டு ராத்திரி வெச்சிருந்து சுகர் நெலையா நின்ன பிறகு தான் அனுப்புனாங்க. கொஞ்ச நாள் கழிச்சு சுகர் லேசா ஏற ஆரம்பிச்சதும் லினாக்ளிப்டின் 5 ஒன்னு மட்டும் ஆரம்பிச்சாங்க, கிட்னிக்காக அளவ மாத்த வேண்டியதில்லாத, தனியா குடுத்தா சுகர பெருசா இறக்காத மருந்து.

வீட்டுல என்ன மாத்தினோம், ஏன்

மகன் சிங்கப்பூர்லேர்ந்து அலாரம் அடிக்கிற மாத்திரை பெட்டி ஒன்னு அனுப்புறேன்னாரு. நேரம் மறக்குறவங்களுக்கு அது நல்லது. இங்க பிரச்சனை நேரத்துல இல்லன்னு சொல்லி நிறுத்தினோம். மக "எல்லாத்தையும் பூட்டி வெச்சு சாவிய அக்காகிட்ட குடுத்துடலாம்"னு சொன்னாங்க. அம்மாவுக்கு அது புடிக்கல, "என் வீட்ல என் மாத்திரைக்கு பூட்டா"ன்னு கேட்டாங்க. எனக்கும் சரியா படல. இருபது வருஷமா தானே பாத்து சாப்ட்டவங்கள பூட்டி ஒதுக்குனா இன்னொரு தலகாணி அடி தான் உருவாகும்.

டாக்டர்கிட்ட ஒன்னே ஒன்னு கேட்டோம். ராத்திரி வேளைல மாத்திரையே இல்லாம பண்ண முடியுமா. ஏன்னா ராத்திரி வீட்ல ஆள் இல்ல. பாத்துட்டு அம்லோடிபின், லினாக்ளிப்டின், கொழுப்பு மாத்திரை எல்லாத்தையும் காலைல அக்கா வந்து சாப்பாடு குடுத்த பிறகுன்னு மாத்திட்டாங்க, கால்சியம் மட்டும் மதியம். இந்த ஒரு மாத்தம் தான் எல்லாத்தையும் விட அதிகமா ஒதவுச்சுன்னு நான் நெனைக்கிறேன். மாத்திரை நேரத்த கடிகாரத்துக்கு ஏத்த மாதிரி எழுதுறத விட, கூட ஆள் இருக்குற நேரத்துக்கு ஏத்த மாதிரி எழுத முடியுமான்னு எந்த டாக்டர்கிட்டயும் கேக்கலாம், நெறைய மருந்துக்கு முடியும்.

அப்புறம் நிறுத்துன மாத்திரைய வெளியேத்துறது. இது தான் கஷ்டமா இருந்துச்சு. "காசு குடுத்து வாங்குனது, யாருக்காவது ஆவும்"னு அம்மா விடல. அந்த மாத்திரையால தான் அன்னிக்கு கை வராம போச்சுன்னு டாக்டர் சொன்னத அக்கா திரும்ப திரும்ப சொன்ன பிறகு "வாய்க்கால்ல போட்டுடு"ன்னாங்க. வாய்க்கால்ல போடக்கூடாதும்மான்னு சொல்லி, நிறுத்துன கவர்மெண்ட் அட்டைங்கள கொண்டு வர்ற பொண்ணுகிட்டயே குடுத்து கார்டுலேர்ந்து மெட்ஃபார்மின அடிச்சு எடுக்க சொன்னோம், மீதிய ஆஸ்பத்திரி பார்மசில குடுத்தாச்சு. அந்த கிழிஞ்ச சீட்ட மட்டும் அம்மா குடுக்கல, அந்த டாக்டர் கையெழுத்து இருக்குன்னு. சரி, அதுல குறுக்க பெருசா ஒரு கோடு போட்டு "இது இப்ப கிடையாது"ன்னு எழுதி அவங்ககிட்டயே குடுத்துட்டோம். மெடிக்கல் கடைக்காரரையும் நேர்ல பாத்து சொன்னோம், அவரும் நல்ல மனுஷன், இனிமே அட்டைய வெட்டுனா பேரு இருக்குற பக்கத்த வெட்டாம குடுக்குறேன், தனியா வந்து வலி மாத்திரை கேட்டா குடுக்க மாட்டேன்னு ஒத்துக்கிட்டாரு.

ஒரு தாள் எழுதினோம், நாள்காட்டி பக்கத்துல ஒட்ட. பெரிய எழுத்துல தமிழ்ல. மருந்து பேரு, எதுக்கு, எப்ப. அந்த தாளோட கீழ்ப்பாதி தான் முக்கியம், அங்க "நிறுத்துனது"ன்னு தலைப்பு போட்டு ஒவ்வொன்னையும் எழுதி பக்கத்துல காரணமும் எழுதினோம், க்ளிபென்க்ளமைட், சுகர் ரொம்ப இறங்கும், டைக்ளோஃபெனாக், கிட்னிக்கு ஆகாதுன்னு. கலர வெச்சு அடையாளம் எழுதல. மெடிக்கல்ல அடுத்த மாசம் வேற கம்பெனி மாத்திரை குடுத்தா கலர் மாறிடும், அந்த தாளே தப்பு சொல்ல ஆரம்பிச்சிடும். தாள அக்காவோட போன்லயும், மகன் மக போன்லயும் போட்டோ எடுத்து வெச்சாச்சு.

விரதத்துக்கு தனியா ஒரு வரி. அமாவாசை, கிருத்திகை, சஷ்டி எதுவா இருந்தாலும் மொத நாளே அக்காகிட்ட சொல்லணும், அக்கா எங்களுக்கு போன் பண்ணணும். விரதம் இருக்காதீங்கன்னு நாங்க சொல்லல, சொன்னா கேக்கவும் மாட்டாங்க, எங்களுக்கு தெரியாம இருப்பாங்க.

அதுக்கப்புறம்

ரெண்டு வாரத்துல க்ரியாட்டினின் 1.4க்கு வந்துடுச்சு. காலை குழப்பம் போயிடுச்சு, வாசல்ல நிக்கிறவரும் வரல. திருச்சி நரம்பு டாக்டர் அப்பாய்ன்ட்மென்ட்ட மக கேன்சல் பண்ணல, போய் காட்டுனாங்க, மறதி நோய் இல்லன்னு சொல்லிட்டாங்க. புண்ணு மார்கழி பாதில முழுசா ஆறிடுச்சு. சுகர் அப்ப 150லேர்ந்து 190 வரைக்கும் போய்க்கிட்டு இருந்துச்சு, அதுக்கே அம்மா பயந்தாங்க, "இவ்ளோ இருக்கே"ன்னு. இந்த வயசுல 190 இன்னிக்கே ஒன்னும் பண்ணாது, 38 இன்னிக்கே பண்ணும்னு எத்தன தடவ சொன்னாலும் தகும்.

எல்லாம் சரியா போகல. பொங்கலுக்கு வந்த சொந்தக்காரங்க மூட்டு வலிக்கு ஊசி போட்டா நல்லா இருக்கும்னு பக்கத்து ஊர் கிளினிக்குக்கு கூட்டிட்டு போயிருக்காங்க, தாள எடுத்துட்டு போகல. வலி ஊசி போட்டு அஞ்சு நாளைக்கு வலி மாத்திரையும் எழுதி குடுத்துட்டாங்க. திரும்பி வந்ததும் அந்த அக்கா கவர்ல இருந்த அட்டைய போன்ல இருந்த தாளோட கீழ்ப்பாதியோட ஒத்துப் பாத்து, எனக்கு போன் பண்ணிட்டாங்க. ஒரு ஊசியோட நின்னுடுச்சு, மாத்திரை வயித்துக்குள்ள போகல. மேல்பாதி மட்டும் இருந்திருந்தா அக்காவுக்கு இது புது மருந்துன்னு தான் தெரிஞ்சிருக்கும், வேண்டாத மருந்துன்னு தெரிஞ்சிருக்காது.

இனிமே என்ன மாறணும்

எங்க டீம்ல இப்ப எதுக்காக கூப்ட்டாலும், கட்டு மாத்தவோ கத்தீட்டர் மாத்தவோ, மொத தடவ போகும்போதே வீட்ல இருக்குற எல்லா மாத்திரையையும் கொட்டிப் பாக்குறோம். கேக்குற கேள்வியும் இது தான், "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க"ன்னு கேட்டா சீட்டுல இருக்குறத சொல்லுவாங்க, "ஒடம்புக்கு முடியலன்னா நீங்களா எத எடுத்து போட்டுக்குவீங்க"ன்னு கேட்டா தலகாணி அடில இருக்குறது வெளிய வரும்.

ஆஸ்பத்திரிங்ககிட்ட கேக்க வேண்டியது ஒன்னு இருக்கு. 2017ல உலக சுகாதார நிறுவனம் மருந்தால வர்ற தீங்க கொறைக்க உலக அளவுல ஒரு திட்டம் ஆரம்பிச்சப்போ மூணு எடத்துல தனி கவனம் வேணும்னாங்க, ஆபத்து அதிகமான சூழ்நிலை, ஒரே ஆளு பல மருந்து சாப்பிடுறது, ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்கு சிகிச்சை மாறுறது. இந்த ஒரு ஓட்டு வீட்டுக்குள்ள மூணும் ஒன்னா இருந்துச்சு. டிஸ்சார்ஜ் சீட்டுல "நிறுத்த வேண்டியது"ன்னு ஒரு கட்டம் போட்டு, கம்பெனி பேருக்கு பக்கத்துல மருந்தோட பேரையும் எழுதியிருந்தா மெட்ஃபார்மின் ரெண்டு தடவ போயிருக்காது. க்ளிபென்க்ளமைட அதுவும் புடிச்சிருக்காது, அதுக்கு வீட்டுக்குள்ள யாராவது போயே ஆகணும்.

வீட்டோட இருந்து பாத்துக்குற அக்காங்களுக்கு லோ சுகர பத்தி சொல்லிக் குடுக்குறத நாங்க ஆரம்பிச்சிருக்கோம். வேர்வை, குழப்பம், கொழறல், இதுல ஒன்னு இருந்தாலும் மொதல்ல மீட்டர், எழுபதுக்கு கீழன்னா முழுங்க முடிஞ்சா மூணு ஸ்பூன் சக்கரை, கால் மணி நேரம் கழிச்சு திரும்ப பாக்கணும், முழுங்க முடியலன்னா வாயில ஒன்னும் ஊத்தாம ஒருக்களிச்சு படுக்க வெச்சு 108. சுகர் மாத்திரை சாப்பிடுறவங்கன்னா தெளிஞ்சிட்டாலும் டாக்டர்கிட்ட காட்டணும். ஸ்ட்ரிப் எக்ஸ்பைரி தேதிய நாள்காட்டில எழுதி வைக்கணும்.

அந்த அம்மாவுக்கு இப்ப நாலு மாத்திரை தான், மூனு காலைல, ஒன்னு மதியம். டெல்மிசார்டன இன்னும் திரும்ப ஆரம்பிக்கல, சித்திரைல அடுத்த க்ரியாட்டினின் பாத்துட்டு சொல்றேன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, அது வரைக்கும் அது தாளோட கீழ்ப்பாதில தான் இருக்கு.